கணக்குக் காட்டாத குருமார்

ஒரே குருவிடம் பாடம் கேட்டதாகச் சொல்லும் இருவர் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசினால் யாரை நம்புவது? 1887-இல் பிரம்மஞான சபைக்குள் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. ஒரு பக்கம் ஹெலினா பிளாவட்ஸ்கி. 1875-இல் நியூயார்க்கில் ஆல்காட், வில்லியம் ஜட்ஜ் முதலியோருடன் சேர்ந்து சபையைத் தொடங்கியவர். மறுபக்கம் சுப்பா ராவ். சென்னையில் வக்கீல் தொழில் பார்த்த இளைஞர். வேதாந்தத்தில் ஐயம் வந்தால் சபையின் மேல்நாட்டு உறுப்பினர்கள் அவரிடம்தான் போய் நிற்பார்கள். இமயத்துக்கு அப்பால் வாழ்வதாகச் சொல்லப்பட்ட மோர்யா என்னும் மகாத்மாவே இருவருக்கும் குரு என்பது சபையில் நிலவிய நம்பிக்கை. மனிதனின் அமைப்பை ஏழு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார் பிளாவட்ஸ்கி. தாரக ராஜயோக மரபுப்படி நான்காகக் கொள்வதே பொருத்தம் என்றார் சுப்பா ராவ். அடையாறிலிருந்து வந்த 'தி தியாசபிஸ்ட்' இதழிலேயே இருவரும் மாறி மாறி எழுதினார்கள். 1888-இல் சுப்பா ராவ் சபையை விட்டு விலகினார். 1890-இல், 34 வயது நிறையுமுன்பே, காலமானார்.

சபையின் வரலாற்றில் குருமாருக்கிடையே நடந்த பூசல்களில் இதுதான் முறையாக நடந்தது என்பேன். இருவரும் தத்தம் வாதத்தை அச்சில் வைத்தார்கள். கீதையும் சாங்கியமும் ஓரளவு படித்த எவரும் எடைபோட்டுப் பார்க்கலாம். குருவின் பெயரைச் சொல்லி எதிராளியின் வாயை அடைக்கும் வழி இருவருக்கும் இல்லை. ஏனென்றால் குரு ஒருவரே. அந்த வழி பிற்காலத்தில் திறந்துகொண்டது. அதன்பின் சபை பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஓர் அளவுகோல் தேவை; அது எனக்கு என் ஊர்ப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

நான் எழுதுவது ராஜகுளம் என்னும் ஊரிலிருந்து. எங்கள் பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பாடப்புத்தகம் அதைப் பழங்காலத் தேர்தல் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். எனக்குப் பெரிதாகப் படுவது தேர்தலுக்கு முந்தைய பகுதி: யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்ற விதிகள். முன்பு வாரியம் என்னும் ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் ஆகார். அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகார். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரும் ஆகார். இப்படிக் கழித்தது போக மிஞ்சியவர்களின் ஓலைகள் குடத்துக்குள் போகும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் எடுத்துத் தருவான். மிஞ்சியவர்களுள் யார் மிக உத்தமர் என்று உத்திரமேரூர்ச் சபை அளக்கப் போகவில்லை. தகாதவரை விலக்க முடியும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தது. நிலமும் வேதப் படிப்பும் உடைய பிராமணருக்கு மட்டுமே அது திறந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறையைக் குறை என்று சொல்லிவிட்டே அதன் அறிவை எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்மிக ஆசிரியர்களை மதிப்பிடுவதற்கும் இதுவே ஏற்ற வழி என்பது என் துணிபு. ஒருவர் எவ்வளவு உயர்ந்த நிலையை அடைந்தவர் என்று வெளியே நிற்கும் நாம் சொல்ல இயலாது. அவர் கணக்குக் காட்டினாரா என்று கேட்க இயலும். பிரம்மஞான சபை இதைத் தலைகீழாகச் செய்தது. உயரத்தை அளக்க ஓயாமல் முயன்றது. கணக்கைக் கேட்கும் இடம் வந்தபோதெல்லாம் தயங்கியது.

முதல் பெரிய தயக்கம் 1884-இல். அதற்கு ஓரிரண்டு ஆண்டு முன்புதான் தலைமையகம் பம்பாயிலிருந்து அடையாற்றங்கரைத் தோட்டத்துக்கு மாறியிருந்தது. மாடியில் பிளாவட்ஸ்கியின் அறையை ஒட்டி ஒரு தனியறை. அதன் சுவரோரம் ஒரு மரப்பெட்டி. அதைச் சன்னிதி போலவே போற்றினார்கள். உள்ளே வைத்த கடிதம் மறையும். மகாத்மாவின் பதில் அங்கே தோன்றும். வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துவந்த எம்மா கூலோம்ப், அவர் கணவர் அலெக்சி ஆகிய இருவரும் வெளியேற்றப்பட்ட பின், பிளாவட்ஸ்கி தமக்கு எழுதியவை என்று சில கடிதங்களைக் கொடுத்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் 1884 செப்டம்பரில் அவற்றை வெளியிட்டது. அற்புதங்களுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடுகள் அக்கடிதங்களில் பேசப்பட்டன. அவை திரிக்கப்பட்டவை என்று பிளாவட்ஸ்கி மறுத்தார். இத்தகைய நிகழ்வுகளை ஆராய்வதற்கென்றே லண்டனில் இருந்த கழகம் ஒன்று ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அனுப்பியது. அவர் டிசம்பரில் அடையாறு வந்து சேர்ந்தபோது மரப்பெட்டி அங்கே இல்லை. சபையைச் சேர்ந்தவர்களே அதை எரித்துவிட்டிருந்தார்கள்.

இந்த ஒரு செயலை எந்த விளக்கமும் சரிக்கட்டாது. பெட்டி குற்றமற்றதாக இருந்திருந்தால் பிளாவட்ஸ்கிக்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. கூலோம்ப் தம்பதி மீது வழக்குத் தொடுக்க அவர் விரும்பினார் என்பதும் உண்மை. அந்த டிசம்பரில் கூடிய மாநாடு சட்டம் அறிந்தவர்கள் அடங்கிய ஒரு குழுவை அமைத்தது. வழக்கு வேண்டாம் என்று அக்குழு சொல்லிவிட்டது. மகாத்மாக்களின் பெயர் கூண்டில் ஏறி இழுபடுவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. பக்தியின் பார்வையில் அது புரிகிறது. ஆனால் குறுக்கு விசாரணைக்கு நிற்காத சாட்சியத்தை ஊர் நம்ப வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்டிருக்கக் கூடாது. பிளாவட்ஸ்கி 1885-இல் இந்தியாவை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அந்த ஆண்டு இறுதியில் வெளியான ஹாட்ஜ்சன் அறிக்கை, எல்லாம் மோசடி என்று முடித்தது.

அந்த அறிக்கைக்கும் இதே அளவுகோலைப் பிடித்துப் பார்ப்பதுதான் நியாயம். பிடித்தால் அதுவும் வழுக்குகிறது. பிளாவட்ஸ்கி ரஷ்யாவுக்காக உளவு பார்த்திருக்கலாம் என்று ஹாட்ஜ்சன் ஒரு நோக்கம் கற்பித்தார். அதற்குத் தக்க ஆதாரம் அவரிடம் இல்லை. கையெழுத்து நிபுணர் முதலில் சொன்ன கருத்து பிறகு மாறியது. நூறாண்டு கழித்து, 1986-இல், கையெழுத்து ஆராய்ச்சியில் தேர்ந்த வெர்னான் ஹாரிசன் அந்த அறிக்கையை வரி வரியாக ஆராய்ந்து, அது நடுநிலை ஆய்வாளர் எழுதியதாக இல்லை, குற்றம் சாட்டும் வக்கீல் எழுதியதாக இருக்கிறது என்று காட்டினார். அவருடைய கட்டுரை வெளிவந்தது ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே கழகத்தின் இதழில். தன் பழைய கணக்கைத் தானே திருப்பிப் பார்க்கும் துணிவு அந்தக் கழகத்துக்கு இருந்தது. பிரம்மஞானிகளில் பலர் ஹாரிசனை விடுதலைப் பத்திரம் போலக் கொண்டாடுகிறார்கள். அவர் சொன்னது, குற்றச்சாட்டு இந்த ஆதாரங்களைக் கொண்டு நிறுவப்படவில்லை என்பதுவரைதான். அற்புதங்கள் நடந்தன என்று அவர் சான்று தரவில்லை.

எந்தக் குறை வெளிப்பட்டாலும் அதைத் தாங்கிக்கொள்ளும் விளக்கம் ஒன்று சபையில் எப்போதும் தயாராக இருந்தது. கூட் ஹூமி என்ற மகாத்மா அலகாபாத் 'பயனியர்' ஏட்டின் ஆசிரியராக இருந்த சின்னட்டுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கரான ஹென்றி கிடில் 1880-இல் ஆற்றிய சொற்பொழிவின் பகுதி அப்படியே இருந்தது. 1883-இல் கிடில் இதை அம்பலப்படுத்தினார். கடிதத்தை எண்ணத்தின் வலிமையால் தாளில் பதித்த இளம் சீடன் பழக்கக் குறைவால் பிசகிவிட்டான் என்று பதில் வந்தது. சரியாக இருந்தால் மகாத்மாவின் ஆற்றல், தவறாக இருந்தால் சீடனின் பழக்கக் குறைவு. இந்த ஏற்பாட்டில் தோற்க முடியாது. தோற்கவே முடியாத கூற்று எதையும் நிரூபிக்கவும் முடியாது என்பதைச் சின்னட் போன்ற படித்தவர் காணத் தவறியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அதே காலத்தில் மகாத்மா கடிதங்களைப் பெற்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னாளில் காங்கிரஸ் உருவாகக் காரணமானவர், கேள்வி கேட்டே விலகிப்போனார்.

பிளாவட்ஸ்கி 1891-இல் மறைந்த பிறகு நிலைமை மோசமானது. இப்போது மகாத்மாக்களின் பெயரில் பேசக்கூடியவர்கள் பலர். வில்லியம் ஜட்ஜ் தாமே மகாத்மா கடிதங்களை எழுதிப் பரப்புகிறார் என்று அன்னி பெசன்ட் அம்மையார் குற்றம் சாட்டினார். 1894 ஜூலையில் லண்டனில் ஆல்காட் தலைமையில் விசாரணைக் குழு கூடியது. கூடி, விசாரிக்க முடியாது என்று கலைந்தது. காரணம் இதுதான்: கடிதம் போலியா என்று தீர்ப்புச் சொன்னால் மகாத்மாக்கள் உண்டா இல்லையா என்றும் சொன்னதாகிவிடும், சபை எந்தக் கொள்கையையும் உறுப்பினர் மேல் சுமத்தாது என்ற அடிப்படை விதி உடைந்துபோகும்.

சபையின் மிகச் சிறந்த பண்பு இந்த நடுநிலைதான் என்று நான் கருதுகிறேன். மகாத்மாக்களை நம்பாதவரும் உறுப்பினராகலாம். பிளாவட்ஸ்கியை ஏற்காதவரும் இருக்கலாம். 1924 டிசம்பர் 23 அன்று பொதுக்குழு சிந்தனைச் சுதந்திரம் பற்றி நிறைவேற்றிய தீர்மானம், எந்த ஆசிரியரின் சொல்லுக்கும் எந்த உறுப்பினரும் கட்டுப்பட்டவரல்லர் என்று உறுதி செய்தது. நம் மடங்களிலும் ஆசிரமங்களிலும் இப்படி எழுத்தில் தந்த உரிமையைத் தேடினாலும் காண்பது அரிது. அத்தகைய பண்பே 1894-இல் மறைப்புத் திரையாகப் பயன்பட்டதுதான் வேதனை. ஒரு கடிதத்தை எழுதிய கை யாருடையது என்பது இறையியல் கேள்வியே கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பத்திரத்தின் கையெழுத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய அளவுக்கு உலகியல் கேள்வி. நம்பிக்கைக்குத் தந்த விடுதலையை நடத்தைக்கும் நீட்டிவிட்டார்கள். விளைவு, ஒரு லண்டன் நாளேடு ஆவணங்களைத் தொடராக வெளியிட்டு, குழு செய்யாத விசாரணையைத் தெருவில் செய்தது. 1895 ஏப்ரலில் அமெரிக்கக் கிளை ஜட்ஜின் பின்னால் பிரிந்துபோனது.

அடுத்த கட்டத்தில் சான்றுக் கடிதங்களே தேவைப்படவில்லை. 1907 ஜனவரியில், மரணப் படுக்கையில் இருந்த ஆல்காட், மகாத்மாக்கள் தம் முன் தோன்றி அன்னி பெசன்டை அடுத்த தலைவராக நியமிக்கச் சொன்னார்கள் என்று அறிவித்தார். பிறகு உறுப்பினர் வாக்கெடுப்பும் நடந்தது. ஆனால் வானத்திலிருந்து வந்த பரிந்துரைக்கு எதிராக வாக்களிப்பது எத்தனை பேருக்கு இயலும்? அதற்கு முந்தைய ஆண்டுதான், சிறுவர்களுக்கு அளித்த பாலியல் அறிவுரைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட சார்லஸ் லெட்பீட்டர் சபையிலிருந்து விலக நேர்ந்திருந்தது. அப்போது கண்டித்த பெசன்ட் அம்மையாரின் தலைமையிலேயே 1908 இறுதியில் அவர் திரும்பி வர வழி பிறந்தது. 1909-இல் அடையாறு கடற்கரையில் ஜித்து கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனைக் கண்டு, உலக குரு இறங்கப்போகும் உடல் இதுவே என்றார் லெட்பீட்டர். அவனுடைய முற்பிறவிகளையும் ஞானப்பார்வையில் கண்டு எழுதினார்.

இங்கேதான் உத்திரமேரூர்க் கல்வெட்டின் உறவினர் விதி எனக்குப் புதிய பொருளோடு தெரிகிறது. கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினரையும் ஏன் விலக்கினார்கள்? ஒருவர் தவறை மற்றவர் மூடுவார் என்பதால்தான். அடையாறில் இரத்த உறவு இல்லை; சாட்சி உறவு இருந்தது. லெட்பீட்டரின் பார்வை மெய் என்பதற்குப் பெசன்ட் சாட்சி. பெசன்டின் ஆன்மிகப் படிநிலைக்கு லெட்பீட்டர் சாட்சி. இருவருக்கும் மகாத்மா சாட்சி. மகாத்மா சொன்னதற்கு மறுபடியும் இவர்களே சாட்சி. வளையத்துக்கு வெளியே நின்று ஒரு சொல் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. சொல்ல முயன்றவருக்கு, நீங்கள் இன்னும் அந்தப் படியை அடையவில்லை என்ற பதில் காத்திருந்தது. ஜெர்மானியக் கிளையை நடத்திய ருடால்ஃப் ஸ்டைனர் உலக குருக் கதையை ஏற்க மறுத்துத் தனியே போய் வேறு சங்கம் கண்டார். அவரும் தம் தனிப்பட்ட ஞானப்பார்வையையே ஆதாரமாக வைத்தார் என்பதால், அந்தப் பிரிவில் யார் சரி என்று வெளியே இருப்பவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

வளையத்தை வெளியிலிருந்து உடைக்க முயன்றவர் சிறுவனின் தந்தை நாராயணய்யா. பெசன்டின் பொறுப்பில் இருந்த தம் பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி 1912-இல் வழக்குப் போட்டார். பெசன்ட் தாமே வாதாடினார். 1913-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல், லெட்பீட்டர் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டை ஏற்காவிட்டாலும், பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருக்கத் தகாது என்று கருதித் தந்தையின் பக்கம் தீர்த்தார். மேல்முறையீட்டிலும் பெசன்ட் தோற்றார். 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வழக்குத் தொடுத்த முறையிலேயே பிழை கண்டு அதைத் தள்ளியது. சட்டத்தில் பெசன்ட் வென்றார். ஒரு தகப்பன் எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

பெசன்டை ஆதரித்தவர்கள் சொன்ன வாதத்தை இன்றும் வேறு குருமாருக்காகக் கேட்கிறோம்: அவர் செய்த நன்மைகளைப் பாருங்கள். நன்மைகள் மெய்யானவை. அடையாறில் 1894-இல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அந்தக் காலத்தில் அது எளிய செயல் இல்லை. பெசன்ட் காசியில் இந்துக் கல்லூரி கண்டார், தன்னாட்சி இயக்கம் நடத்தினார், 1917-இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டார், அதே ஆண்டு காங்கிரஸ் தலைவரானார். இவற்றுக்காக அவரை வணங்குகிறேன். ஆனால் பள்ளிக்கூடம் கட்டியவரின் கருணைக்குப் பள்ளிக்கூடம் சான்று. அவர் கண்ட முற்பிறவிகளுக்கு அது சான்றாகாது. ராஜகுளம் போன்ற ஊர்களில் ஒரு சாமியார் வந்து அமர்ந்தால், அன்னதானம் நடக்கிறதே என்ற ஒரு சொல்லிலேயே பாதிப் பேரின் ஐயம் தீர்ந்துவிடும். அன்னதானத்துக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் கிழவி ஒருத்தி எப்போதும் இருப்பாள். அவளைத்தான் நான் மதிக்கிறேன். பாரதியும் அப்படிக் கேட்டவர். புதுச்சேரியில் இருந்தபோது, 1914-இல், பொன்வால் நரியின் கதையை ஆங்கிலத்தில் எழுதி, பெசன்டின் ஆன்மிகத் தலைமையைக் கடுமையாகத் தாக்கினார். அவருடைய ஏளனம் சில இடங்களில் எல்லை மீறியது என்றாலும், அடியில் இருந்த கேள்வி நியாயமானது.

நம் மண்ணின் சாட்சியத்தையும் சபை தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. வள்ளலாரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் பாடல்களைத் தொகுத்துத் திருவருட்பா என்று பெயரிட்டு அச்சேற்றியவர். அந்தப் பெயரே ஆறுமுக நாவலரோடு அருட்பா, மருட்பாப் போரைக் கிளப்பியது. நாவலர் கேட்டதும் மதிப்பீட்டுக் கேள்விதான்: திருமுறைகளுக்கு உரிய பெயரை நேற்று வந்தவருக்கு யார் கொடுத்தது? மரபை மட்டும் அளவாக வைத்ததால் அவர் வள்ளலாரின் பாட்டில் இருந்த நெருப்பைக் காணவில்லை. அதே வேலாயுத முதலியார் 1882-இல் பிரம்மஞான சபைக்கு ஒரு வாக்குமூலம் தந்தார்: சகோதரத்துவம் போதிக்க அயல்நாட்டினர் வருவார்கள் என்று தம் குரு முன்பே சொன்னாராம். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று மறைந்தது 1874-இல். முதலியாரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அயல்நாட்டினர் சென்னைக்கே வந்துவிட்ட பிறகு எழுதப்பட்ட முன்னறிவிப்பை முன்னறிவிப்பாக எண்ணுவதற்கில்லை என்று மட்டும் சொல்வேன். வள்ளலாருக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை.

1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமன் முகாமில் கிருஷ்ணமூர்த்தி தமக்காகவே அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கலைத்தார். சேர்ந்திருந்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார். நான்கு ஆண்டு முன்பு, 1925-இல், பிழைத்துவிடுவான் என்று மகாத்மாக்களின் பெயரில் உறுதி கூறப்பட்ட தம்பி நித்யா இறந்திருந்தார். வாக்குறுதி பொய்த்ததை ஏற்றுக்கொண்டு, அதன் விலையையும் கொடுத்தவர் இந்த வரலாற்றில் அவர் ஒருவரே என்று தோன்றுகிறது. ஆனால் அதோடு அவரை விட்டுவிட மாட்டேன். எந்த குருவும் வேண்டாம் என்றவர் 1986-இல் இறக்கும்வரை மேடையில் இருந்தார். அறக்கட்டளைகளும் பள்ளிகளும் அவரைச் சுற்றியே சுழன்றன. பதிப்புரிமையும் பணமும் பற்றி, தம் நெடுநாள் உதவியாளர் ராஜகோபாலுடன் நடந்த வழக்கு 1974-இல் சமரசமாக முடிந்தது. 1991-இல் ராஜகோபாலின் மகள் ராதா ராஜகோபால் ஸ்லாஸ் எழுதிய நூல், தம் தாயோடு கிருஷ்ணமூர்த்திக்கு நெடுங்காலம் இருந்த உறவைச் சொன்னது. 1996-இல் கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி லட்யன்ஸ் ராஜகோபால் குடும்பத்தைப் பற்றி எழுதி மறுமொழி தந்தார். இரு தரப்பும் அச்சில் இருக்கின்றன, படிப்பவர் முடிவு செய்யலாம். சுப்பா ராவ் காலத்துக்குப் பிறகு இந்த ஒரு இடத்தில்தான் வழக்கு மறுபடி வெளிச்சத்தில் நடந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. எதிராளியின் கட்டுரையைத் தன் இதழிலேயே அச்சிட்டது, நம்பாதவருக்கும் இடம் தந்தது, தனக்கு எதிரான தாள்களையும் காப்பகத்தில் வைத்தது ஆகியவை பிரம்மஞான சபையின் பெருமை. கணக்குக் கேட்ட நேரத்தில் பெட்டியை எரித்தது, விசாரணையைக் கலைத்தது, சாட்சிகளை ஒரே வளையத்துக்குள் வைத்தது ஆகியவற்றை மன்னிப்பதற்கில்லை. சின்னட்டுக்கு வந்த மகாத்மா கடிதங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஹாட்ஜ்சன் அறிக்கை, ஹாரிசன் மறுப்பு, சுப்பா ராவின் கட்டுரைகள், 1913-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எல்லாம் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இவற்றை ஒரே தொகுப்பாக, எந்தத் தரப்புக்கும் சாயாத குறிப்புகளோடு, தமிழில் கொண்டுவர ஒரு பல்கலைக்கழகமோ பதிப்பகமோ முன்வர வேண்டும். சென்னையில் நடந்த வழக்கின் தாள்களைப் பார்க்கச் சென்னைத் தமிழர் ஆங்கிலத்தை நாடிப் போகும் நிலை இனியும் தொடரக் கூடாது.